வீழும் கழகத்தின் விலை: இங்கிலாந்துக் கோப்பை ஆட்டங்களும் பந்தயச் சந்தையும்

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் கடனில் தத்தளிக்கும் ஒரு கால்பந்துக் கழகம் களமிறங்கும்போது, அதன் வெற்றிக்குப் பந்தய நிறுவனங்கள் குறிக்கும் விலை இரு அணிகளின் ஆட்டத் திறனையே அளக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. ஆண்டு முழுதும் நடக்கும் லீக் ஆட்டங்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெருமளவு சரியானதே. ஆனால் தோற்றால் வெளியேறும் கோப்பை ஆட்டங்களிலும், நொடித்துப்போகும் நிலையிலுள்ள கழகங்களின் ஆட்டங்களிலும் திறனுக்கு இணையாக வேறு இரண்டு காரணிகள் முடிவைத் தீர்மானிக்கின்றன: எந்தப் பதினொருவரை இறக்குவது என்னும் பயிற்சியாளரின் எண்ணம் ஒன்று, கழகத்தின் கணக்குப் புத்தகம் மற்றொன்று. இவ்விரண்டையும் முதலில் அறிபவர்கள் கழகத்துக்குள் வேலை பார்ப்பவர்கள். நொடித்த கழகங்களில் அவர்கள் மாதச் சம்பளம் வருமா என்பதையே அறியாதவர்கள். சந்தையில் மிகுந்த விலைபோகும் செய்தி, விளையாட்டிலேயே மிகவும் இடருற்ற மனிதர்களின் கையில் இருக்கும் இந்த நிலைதான் முறைகேட்டுக்கு வழி திறக்கிறது என்பதும், வீரர்களைத் தண்டிப்பதால் மட்டும் அது தீராது, சந்தையின் பரப்பையே குறுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பந்தய விலை எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் விளக்க வேண்டும். ஒரு முடிவுக்கு 5.00 என்று விலை குறிக்கப்பட்டால், 1 பவுண்டு கட்டி வென்றவர் கட்டிய தொகையும் சேர்த்து 5 பவுண்டு பெறுவார். அந்த முடிவு நேர நூற்றுக்கு 20 வாய்ப்பு உண்டு என்பது அதன் உட்பொருள். சொந்தத் திடலில் ஆடும் அணி வெல்ல 1.60, ஆட்டம் சமனாக 4.00, வெளியூர் அணி வெல்ல 5.00 என்று ஒரு நிறுவனம் விலை குறித்தால், அவை முறையே 62.5, 25, 20 என்னும் வாய்ப்புகளைக் குறிக்கும், கூட்டினால் 107.5 வரும். நூற்றுக்கு மேல் நிற்கும் அந்த ஏழரைதான் நிறுவனத்தின் ஆதாயம் பிறக்கும் இடம். 2000-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே ஆகிய இருவர் தொடங்கிய பெட்ஃபேர் இந்த முறைக்கு மாற்றாக எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பந்தயச் சந்தையைப் பரவலாக்கியது. அங்கே பந்தயம் கட்டுவோர் நிறுவனத்தோடு மோதாமல் தமக்குள்ளேயே விலை பேசிக்கொள்கிறார்கள். நிறுவனம் தரகு மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓர் அணி வெல்லும் என்று கட்டுவது 'பேக்' என்றும், அது வெல்லாது என்று எதிர்ப்பக்கம் நின்று பந்தயத்தை ஏற்பது 'லே' என்றும் வழங்குகின்றன. முன்பு பந்தய நிறுவனங்கள் மட்டுமே நின்ற அந்த எதிர்ப்பக்கம் இதனால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விலை ஏறி இறங்குவதால் 'டிரேடிங்' எனப்படும் வணிகமும் இதிலிருந்து முளைத்தது. சிறிய அணி ஒன்றை 8.00 விலையில் 10 பவுண்டுக்கு பேக் செய்தவர், அந்த அணி முதல் கோல் போட்டு விலை 4.00-க்கு இறங்கியதும் 20 பவுண்டுக்கு லே செய்தால், தரகு நீங்கலாக எந்த முடிவு வந்தாலும் அவருக்கு 10 பவுண்டு மிஞ்சும். அவருக்கு அந்த அணி வெல்ல வேண்டியதில்லை. சற்று நேரம் முன்னிலையில் இருந்தால் போதும். கோப்பைப் போட்டியின் முதல் சுற்றுகள் இத்தகைய வணிகர்களை ஈர்ப்பதற்குக் காரணம் இதுவே.

கோப்பை ஆட்டங்களின் விலையைக் கணிப்பது ஏன் கடினம் என்பதைப் புள்ளியியல் ஆய்வுகளிலிருந்தே காணலாம். மார்க் டிக்ஸன், ஸ்டூவர்ட் கோல்ஸ் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட, பின்னர் இத்துறைக்கே அடித்தளமான கட்டுரை, 1992 முதல் 1995 வரையிலான இங்கிலாந்தின் லீக், கோப்பை ஆட்டங்களைக் கொண்டு ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாக்கும் வலிமையையும் ஒரு தடுக்கும் வலிமையையும் கணக்கிட்டது. வெவ்வேறு பிரிவுகளில் ஆடும் அணிகள் லீக்கில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லையாதலால், அவற்றை ஒரே அளவுகோலில் நிறுத்துவதற்குக் கோப்பை ஆட்டங்களே பாலமாகின்றன. பாலம் குறுகியது என்பது மட்டுமன்று. அதில் நடந்து வருவது பெரும்பாலும் கழகத்தின் உண்மையான அணியே அன்று. தரவிறக்கத்துக்கு, அதாவது கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதற்கு அஞ்சும் கழகத்துக்கு லீக்கில் கிடைக்கும் ஒரு புள்ளி கோப்பையில் ஒரு சுற்று முன்னேறுவதைவிடப் பெறுமதியானது. ஆகவே அது மூத்த வீரர்களை ஓய்வில் வைத்துவிட்டு இளையோரை அனுப்புகிறது. அணிப்பட்டியல் ஆட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்புதான் வெளியாகும். அதுவரை அது இயன்முறை மருத்துவருக்கும், சட்டைகளை எண் வரிசையில் மாட்டி வைப்பவருக்கும் தெரிந்த செய்தி.

எண்ணம் எதிர்த் திசையிலும் திரும்பும். 2010 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத் கழகம் கடனை அடைக்க இயலாமல், கடன் கொடுத்தோர் சார்பில் நிறுவனத்தை நடத்தும் நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. பிரீமியர் லீக் அதற்கு 9 புள்ளிகளைக் கழித்தது. ஏப்ரல் 10 அன்று அதன் தரவிறக்கம் உறுதியானது. மறுநாளே வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் அதே அணி டாட்டன்ஹாமைக் கூடுதல் நேரத்தில் 2–0 என்று வீழ்த்தியது. லீக் அட்டவணையை மட்டும் பார்த்து விலை குறித்தவர், கடைசி இடத்திலிருந்த ஓர் அணியைத்தான் கண்டிருப்பார். இழக்க இனி எதுவும் இல்லாமல், எஞ்சிய ஒரே மேடையில் நின்ற பதினொருவரை அந்த அட்டவணை காட்டாது. 2013 மே 11 அன்று விகன் அத்லெடிக், மான்செஸ்டர் சிட்டியை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் பென் வாட்ஸன் தலையால் முட்டிய ஒரே கோலால் வென்று கோப்பையைத் தூக்கியது. மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4–1 என்று தோற்றுத் தரவிறக்கம் பெற்றது. ஒரே வாரத்தில் ஒரே கழகத்துக்கு இரு விலைகள் இருந்தன, இரண்டும் தம்தம் அளவில் நியாயமானவை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. விலை என்பது ஆயிரக்கணக்கானோர் அறிந்த சிறு சிறு செய்திகளின் தொகுப்பு. உள்தகவல் அறிந்தவர் பணம் கட்டும்போது விலை நகர்ந்து, அவர் அறிந்ததை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. மேலும் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பந்தயமும் பதிவாவதால் முறைகேட்டைக் கண்டுபிடிப்பது எளிது என்பர். இவ்வாதத்தின் பிற்பகுதி உண்மையே. 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட் நகரில் நிகோலாய் டவிடென்கோ ஆடிய டென்னிஸ் ஆட்டத்தில், விலை ஆட்டத்தின் போக்குக்கு முற்றிலும் மாறாக நகர்ந்ததைக் கண்டு பெட்ஃபேர் அந்த ஆட்டத்தின் பந்தயங்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. ஆனால் பெரும் பணம் புரளும் ஆட்டங்களில்தான் முரண் இவ்வாறு தெரியும். ஐந்தாம் பிரிவு அணியின் ஆட்டத்தில் சில நூறு பவுண்டே விலையைக் குலுக்கிவிடும் என்பதால், அங்கே முறைகேட்டையும் இயல்பான சலனத்தையும் பிரித்தறிய வழியில்லை. சந்தை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற வாதம், காவல் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் வலுவிழக்கிறது.

நொடித்த கழகத்தின் உள்நிலை எப்படிப்பட்டது என்பதற்கு போல்டன் வாண்டரர்ஸ் ஒன்றே போதிய சான்று. 1888-இல் ஃபுட்பால் லீக்கைத் தோற்றுவித்த பன்னிரு கழகங்களுள் ஒன்று அது. 2019 ஏப்ரலில் சம்பளம் வராத வீரர்கள் பிரென்ட்ஃபர்டுக்கு எதிராக ஆட மறுத்ததால் அந்த ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம், ஊதியம் இல்லாத ஊழியர்களுக்காகக் கழகத்திலேயே உணவு வங்கி அமைக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலான பெருமையைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு கழகத்தின் ஊழியர்கள் அரிசிக்கும் பாலுக்கும் வரிசையில் நிற்கும் நிலை அது. ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியபோது பெரும்பாலும் பதின்வயதினரைக் கொண்ட அணி கவன்ட்ரியோடு 0–0 என்று சமன் செய்தது. அடுத்த வாரம் டிரான்மியரிடம் 5–0 என்று தோற்றது. அதே மாதம் 27-ஆம் நாள், பக்கத்து ஊரான பெரியின் கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் டெர்பியை 6–0 என்று வென்று பெரி படைத்த சாதனையை மான்செஸ்டர் சிட்டி சமன் செய்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இத்தகைய கழகங்கள் மீது கட்டப்படும் தரவிறக்கப் பந்தயம் விளையாட்டின் மீதான பந்தயமே அன்று. 2020 ஜூலை 1 அன்று நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்ற விகன், இரு வாரத்துக்குள் ஹல் சிட்டியை 8–0 என்று வென்றது. திடலில் 59 புள்ளிகள் ஈட்டியது. 12 புள்ளிகள் கழிக்கப்பட்டு 47-ஓடு தரவிறங்கியது. அந்தக் கழகத்தின் வீழ்ச்சியைத் தீர்மானித்தது திடல் அன்று, வங்கிக் கணக்கு. ஒரு கழகத்தின் உரிமையாளர் எந்த நாளில் பணம் போடுவதை நிறுத்தப்போகிறார் என்பதை ஒரு வாரம் முன்பே அறிந்தவருக்கு டிக்ஸன்–கோல்ஸ் கணிதம் தேவையில்லை. பங்குச் சந்தையில் இத்தகைய செய்தியைக் கொண்டு வணிகம் செய்வது பிரிட்டனில் குற்றம்.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இச்சிக்கலுக்குத் தரும் விடை, தனிமனிதர்களைக் கட்டுப்படுத்துவது. 2014 ஆகஸ்ட் முதல், அதன் உயர்மட்டக் கழகங்களைச் சேர்ந்த எவரும் உலகின் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது. பொதுவில் வெளியாகாத செய்தியைப் பந்தயத்துக்காகப் பிறருக்குத் தருவதும் குற்றம். தன் இடமாற்றம் பற்றி நண்பர்களிடம் பகிர்ந்தமைக்காக கீரன் டிரிப்பியருக்கு 2020 டிசம்பரில் 10 வாரத் தடை விதிக்கப்பட்டது இவ்விதியின்படியே. விதி தேவையானதுதான். ஆனால் அது சந்தையைத் தொடாமல் மனிதரை மட்டும் தொடுகிறது.

இதன் விளைவை 2017 பிப்ரவரி 20 அன்று சட்டன் யுனைடெட் திடலில் மிக அருகில் காண முடிந்தது. ஐந்தாம் பிரிவில் ஆடிய அந்தக் கழகம் கோப்பையின் ஐந்தாம் சுற்றில் ஆர்சனலை எதிர்கொண்டது. அன்று அதன் சட்டையில் விளம்பரம் செய்த பந்தய நிறுவனமே, அதன் பருத்த உடல்வாகு கொண்ட மாற்று கோல்காப்பாளர் ஆட்டத்தின்போது கேமராமுன் பை எனப்படும் இறைச்சிப் பணியாரம் தின்பார் என்பதற்கு ஒன்றுக்கு எட்டு என்று விலை குறித்திருந்தது. மாற்று வீரர்கள் மூவரும் இறங்கிவிட்டதால் தனக்கு வேலையில்லை என்றான 83-ஆம் நிமிடத்தில் அவர் அதைத் தின்றார். மறுநாள் அவர் கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கம் அவருக்கு இரு மாதத் தடையும் 375 பவுண்டு அபராதமும் விதித்தது. சூதாட்ட ஆணையம் பின்னர் நிறுவனத்தின் மீதும் அபராதம் விதித்தது உண்மை. எனினும் நாடு சிரித்தது அந்த மனிதரைப் பார்த்து. ஒரே ஆள் கையைத் தூக்கினால் முடிவாகிவிடும் ஒன்றுக்கு விலை குறித்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

பழைய காலத்துப் பந்தய முறை இந்தக் கேள்விக்கு ஒரு முரட்டு விடை வைத்திருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரிட்டனில் தொலைக்காட்சியில் வராத ஆட்டம் ஒன்றின் மீது மட்டும் தனியாகப் பந்தயம் கட்டப் பெரும்பாலும் வழியில்லை. குறைந்தது மூன்று ஆட்டங்களைச் சேர்த்தே கட்ட வேண்டும். அது நிறுவனங்கள் தம் பாதுகாப்புக்கு வகுத்த விதி என்றாலும் விளையாட்டையும் காத்தது. 1962 டிசம்பர் 1 அன்று இப்ஸ்விச்சிடம் வேண்டுமென்றே தோற்க ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியின் பீட்டர் ஸ்வான், டோனி கே, டேவிட் லேன் ஆகியோர் உடன்பட்டனர். ஆளுக்கு 50 பவுண்டு கட்டினர். இந்தச் சதியை வகுத்த ஜிம்மி கோல்டு, அதே நாளில் வேறு இரு கீழ்ப்பிரிவு ஆட்டங்களையும் சேர்த்து விலைபேச வேண்டியிருந்தது. மூன்று ஆட்டம் என்றால் மூன்று மடங்கு ஆட்கள், மூன்று மடங்கு வாய்கள். 1964-இல் செய்தி வெளிவந்தது. மறு ஆண்டு கோல்டு நான்கு ஆண்டுச் சிறை சென்றார். அன்றைய ஆட்டத்தில் சிறந்த வீரராக டோனி கேயைப் பாராட்டி எழுதியதும், பின்னர் சதியை அம்பலப்படுத்தியதும் ஒரே செய்தித்தாள். தேர்ந்த கண்ணுக்கும் சதி திடலில் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தனி ஆட்டப் பந்தயம் பரவிய பின் சதிகாரர்களின் பார்வை சிறிய கழகங்கள் பக்கம் திரும்பியது. சிங்கப்பூர்த் தமிழரான வில்சன் ராஜ் பெருமாள் 2011-இல் தண்டனை பெற்றது, பின்லாந்தின் வடபகுதியிலுள்ள ரோவானியெமி நகரக் கழகத்தின் ஆட்டங்களைச் சரிக்கட்டியதற்காக. 2014-இல் பர்மிங்காம் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்த இருவர் கையூட்டு தரத் திட்டமிட்டதும் இங்கிலாந்தின் தாழ்நிலை லீக் வீரர்களுக்கே.

ஆகவே செய்ய வேண்டியது எது என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஒரே மனிதரின் செயலால் முடிவாகும் பந்தயங்களைக் கீழ்ப்பிரிவுகளில் முற்றாக விலக்க வேண்டும். சம்பளம் நிலுவையிலுள்ள கழகத்தின் ஆட்டங்கள் மீதும், அதன் தரவிறக்கத்தின் மீதும் நிலுவை தீரும்வரை பந்தயம் நிறுத்தப்பட வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களைத் தடுத்தால் பணம் கட்டுப்பாடற்ற வெளிநாட்டுச் சந்தைக்கு ஓடிவிடும் என்ற மறுப்பு எழும். ஆனால் ஆட்டம் நடக்கும்போது நொடிக்கு நொடி விலை குறிக்க எந்த நாட்டுச் சந்தைக்கும் திடலிலிருந்து வரும் தரவு தேவை. அத்தரவை விற்கும் உரிமை லீக்குகளிடம் இருக்கிறது. விற்பவர் நினைத்தால் இத்தகைய உரிமையை மாற்றியமைக்க முடியும் என்பதை நேரலை ஒளிபரப்பில் கண்டோம்: 2020 ஜனவரியில், பந்தயக் கணக்கு வைத்திருப்போர் மட்டுமே சில மூன்றாம் சுற்றுக் கோப்பை ஆட்டங்களை நேரலையில் காணலாம் என்ற ஏற்பாடு வெளியே தெரிந்து கடும் எதிர்ப்பு எழுந்ததும், அந்த ஏற்பாடு சில நாட்களுக்குள் தளர்த்தப்பட்டது. சந்தைக்கு ஆட்டத்தைக் கொண்டுசெல்லும் குழாய் எங்கிருக்கிறது, அதை மூட எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த வாரத்தில் தெரிந்துபோயிற்று.