நாளத்துள் வளரும் கட்டியும் படம் காட்டிய வழியும்

கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை அடைந்தது. தெமோதரையில் அப்பாதை வளைந்து சுற்றித் தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி புகுந்து செல்கின்றது. மலையை முன்னரே அளந்து படம் வரைந்திராவிடில் எப்பொறியியலாளரும் அவ்வேலையில் இறங்கியிரார். மனித உடலைத் திறக்கும் சத்திரவைத்தியருக்கும் அத்தகைய படம் இன்றியமையாதது. நாளங்களுள் வளரும் கட்டிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கட்டி என்பது ஓரிடத்தில் திரண்டு நிற்பது என்பதே பொதுவான எண்ணம். ஆயின் சிறுநீரகப் புற்றுநோய்களுட் சில அவ்வாறு நில்லாமல், சிறுநீரக நாளத்தினுள் விரல்போல நீண்டு, கீழ்ப்பெருநாளத்தை அடைந்து, ஈரலின் பின்புறமாக ஏறி, இருதயத்தின் வலது மேலறை வரையிலும் செல்வதுண்டு. கருப்பையில் தோன்றும் தசைக்கட்டியும், புற்றுநோயன்றாயினும், மிக அரிதாக இவ்வழியே செல்லும். அதன் துண்டொன்று பிரிந்து சுவாசப்பை நாடியை அடைத்துவிடின் உயிருக்கே கேடு நேரும்.

ஆதலின், கட்டியின் நுனி எங்கே நிற்கின்றது என்பதே முதல் வினா. ஈரலுக்குக் கீழே நின்றால், நாளத்தை மேலும் கீழும் இறுக்கித் திறந்து, கட்டியை எடுத்தபின் தைத்துவிடலாம். ஈரலின் பின்னே ஏறியிருந்தால் ஈரலைப் பெயர்த்து விலக்கல் வேண்டும். இருதயத்துள் புகுந்திருந்தாலோ, நெஞ்சைத் திறந்து, இருதயத்தின் தொழிலை இயந்திரமொன்றிடம் ஒப்படைக்கவும் நேரும். அமெரிக்க வைத்தியர் ஜோன் கிபன் 1953இல் அத்தகைய இயந்திரத்தை வெற்றியுடன் பயன்படுத்தினார்.

அந்நுனியைக் காணும் வழி எளிதிற் கிட்டவில்லை. 1895இல் றொஞ்சன் கண்ட எக்ஸ்கதிர் எலும்பைக் காட்டிற்று. குருதியையும் அதனுள் கிடந்த கட்டியையும் பிரித்துக் காட்டவில்லை. 1927இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மொனிஸ், எக்ஸ்கதிர் ஊடுருவாத மருந்தொன்றை மூளையின் நாடிகளுள் செலுத்திப் படமெடுத்தார். பின்னர் நாளங்களுக்கும் அத்தகைய முறை வந்தது. எனினும் கட்டி நாளத்தை முற்றாக அடைத்திருந்தால், கீழிருந்து செலுத்திய மருந்து அதன் அடியிலேயே நின்றுவிடும். மேல்நுனியைக் காண மேலிருந்தும் குழாய் செலுத்த நேர்ந்தது.

1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும் செவிக்கெட்டாத ஒலியால் இருதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். 1971இல் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய பொறி, லண்டனில் நோயாளி ஒருவரின் தலையைத் தட்டுத்தட்டாகப் படம்பிடித்தது. 1973இல் லோட்டர்பர் காந்தத்தின் துணையால் படம் பெறும் முறையை வெளியிட்டார். இவற்றால், கத்தியைத் தொடுமுன்னரே நுனியின் இடத்தை அறியவும், நாளத்தின் சுவரையும் கட்டி பற்றியுள்ளதா என மதிப்பிடவும் இயலுவதாயிற்று.

படத்திற்கும் வயதுண்டு. கட்டி சில வாரங்களிலேயே மேலும் ஏறிவிடக்கூடும். பழைய படத்தை நம்பிச் சத்திரசிகிச்சை செய்தல், மண்சரிந்தபின் பழைய பாதையை நம்பி நடத்தலை ஒக்கும். ஆதலின் சிகிச்சைக்குச் சற்று முன்னர் மீண்டும் படமெடுப்பர்.

தோட்டத்து மக்களுக்கு இஃது இலகுவான காரியமன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் 1872இலேயே பிறந்தது. ஆயினும் மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைக்கும், வேண்டின் கண்டிக்கும் கொழும்புக்கும் செல்வோர், ஒவ்வொரு பயணத்திலும் ஒருநாட் சம்பளத்தை இழக்கின்றனர். முதற்படத்தோடு நின்றுவிடுவோர் மீது குறைகூறுமுன் இதனை நினைத்தல் வேண்டும்.

நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் கால்கள் வீங்கினால், அது நின்ற களைப்பென்றே லயத்தில் எண்ணுவர். பெரும்பாலும் அஃது உண்மையாயிருக்கலாம். ஆனால் இரு கால்களும் வீங்கி வற்றாதிருப்பினும், நோவின்றிச் சிறுநீரிற் குருதி ஒருமுறையே தோன்றி மறையினும், வைத்தியரிடம் செல்லத் தாமதித்தலாகாது. எத்துணைச் சிறந்த பொறியும் தன்முன் வந்தவரையே படம்பிடிக்கும்.