உள்ளே போவது வவுச்சர் மட்டும்

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி உடம்பு அனலாய்க் கொதித்தது. நாக்பூரில் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் கிடையாது. ஊருக்குப் போன் போட்டேன். "ஊசி வேலை செய்யுதுடா, பயப்படாதே" என்றார் அம்மா. எப்படி வேலை செய்கிறது? இப்போது அவள் பயாலஜி படிக்கிறாள். பி.காம். படித்த நானும் கூட உட்கார்ந்து தெரிந்துகொண்ட கதை இது.

வெளிப்பொருள் எது உடம்புக்குள் வந்தாலும் வெள்ளை அணுக்கள் எதிர்க்கும் என்றுதான் அதுவரை சொல்லிவந்தார்கள். ஆனால் சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் பெரும்பாலும் எதிர்ப்பே வராது. செத்த பாக்டீரியாவோ வேறு ஏதாவது சரக்கோ கலக்க வேண்டும். 1989-ல் இதைத் தங்கள் துறையின் அசிங்கமான ரகசியம் என்று போட்டு உடைத்தார் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே. கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் நம் அணுக்களில் இருந்தே ஆகவேண்டும் என்றார். கையில் ஆதாரம் இல்லை.

ஆதாரம் ஒரு ஈயிடமிருந்து வந்தது! பழ ஈயின் கரு வளர்ச்சியில் 'டோல்' என்ற மரபணுவை ஜெர்மனியில் 1985-ல் விவரித்திருந்தார்கள். 1996-ல் பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பார்த்தபோது, டோல் பழுதான ஈக்கள் பூஞ்சை தாக்கிச் செத்துப்போயின. 1997-ல் ஜேன்வேயும், அவர் கட்டுரையை மாஸ்கோவில் படித்துவிட்டு அவரிடமே வேலைக்கு வந்த ருஸ்லான் மெட்ஷிடோவும் மனிதரிடம் அதே வகை ஏற்பியைக் கண்டார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு, பாக்டீரியாவின் மேலுறைச் சரக்கை உணர்வது டோல்-4 என்று எலிகளில் காட்டியது.

வேலை நடக்கும் விதம் நம்ம பேங்க் மாதிரிதான். கஸ்டமர் கவுண்டரோடு சரி. உள்ளே போவது வவுச்சர் மட்டும். கிருமிச் சரக்கு வெளியே ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. அவற்றின் உள்வாலில் மைடி-88 என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. அது அடுத்தடுத்த நொதிகளைத் தட்டிவிட, கட்டிப்போட்டிருந்த என்.எஃப். கப்பா-பி விடுபட்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறக்கிறது. வெளிவரும் புரதங்களில் சில மூளைக்குச் சேதி சொல்ல, காய்ச்சல் வருகிறது. அம்மா சொன்னது சரிதான்.

ஜேன்வே 2003-ல், அறுபது வயதில் காலமானார். 2011 நோபலில் ஒரு பாதி ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் போனது, மெட்ஷிடோவுக்கு இல்லை. சக விஞ்ஞானிகள் பலர் 'நேச்சர்' இதழில் கடிதம் எழுதி வருத்தப்பட்டார்கள். இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. விதி புரிகிறது. ஆனால் இப்படி ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று வெறுங்கையோடு முதலில் சொன்னவர் யார் என்பதை மகளிடம் சொல்லிவைத்தேன். அது பரீட்சைக்கு வராது.