உயர் இரத்த அழுத்தம் பற்றிய அறிதலும் பணி வராமையும்

உயர் இரத்த அழுத்தம் பற்றிய அறிதலும் பணி வராமையும் என்பது, தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை ஊழியர்கள் அறிந்துகொள்வதால் அவர்களது நோய் விடுப்பில் ஏற்படும் மாற்றத்தைக் குறிக்கும். இந்நோய் பெரும்பாலும் அறிகுறிகள் எதையும் காட்டுவதில்லை. அளந்து பார்த்தாலன்றித் தெரியவராது. ஆகவே விடுப்புக்குக் காரணம் நோயா, அல்லது நோயாளி என்னும் எண்ணமா என்பது மருத்துவ ஆய்வுக்குரிய வினாவாயிற்று.

ஹாமில்டன் ஆய்வு

இத்துறையில் முதன்மையானது, கனடாவின் ஹாமில்டன் நகர எஃகுத் தொழிலாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வாகும். பிரையன் ஹெய்ன்ஸ், டேவிட் சாக்கெட் முதலியோர் இதன் முடிவுகளை 1978 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோய் கண்டறியப்பட்டவர்களின் நோய் விடுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 5.2 நாட்கள், அதாவது 80 விழுக்காடு, உயர்ந்தது. அதே காலத்தில் பொதுவாகத் தொழிலாளரிடையே ஏற்பட்ட உயர்வு 9 விழுக்காடு மட்டுமே. புதிதாக நோயை அறிந்துகொண்டமையும், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமையும் இவ்வுயர்வோடு தொடர்புடைய முக்கியக் காரணிகளாகக் காணப்பட்டன. நோயாளி என்று பெயரிடுவதே ஒருவரது நடத்தையை மாற்றக்கூடும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

தமிழகச் சூழல்

சென்னை மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டலத்தில் உள்ள கலைஞர் கருணாநிதி நகரில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இக்காப்பீட்டில், தகுதியுடைய தொழிலாளர் மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். இப்பாதுகாப்பு இல்லாத நாட்கூலியாளருக்கு, கோடம்பாக்கத்துத் திரைப்படத் தளங்களில் பணியாற்றுவோர் உட்பட, ஒரு நாள் வராமை ஒரு நாள் ஊதிய இழப்பாகும். எனவே ஹாமில்டன் தொழிலாளரிடம் கண்ட முடிவுகளை இவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உயர் இரத்த அழுத்தத்திற்கான மருந்துகளை இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கிறது. 2024 இல் பணியிடங்களிலும் தொற்றா நோய்ப் பரிசோதனை தொடங்கப்பட்டது.

முக்கியத்துவம்

கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தம் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு இட்டுச்செல்லும். ஆகவே ஹாமில்டன் முடிவுகள் பரிசோதனையைக் கைவிடுவதற்கான காரணம் ஆகா. நோயைக் கண்டறிந்து கூறுவதோடு நில்லாமல், வழக்கமான பணியைப் பெரும்பாலோர் தொடரலாம் என்பதை விளக்குவதும், தொடர் சிகிச்சைக்கு வழி செய்வதும் தேவை என்பதையே அவை உணர்த்துகின்றன.