எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் காசு கொடுத்தது யார்?

ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர் பெயரைப் பாடப்புத்தகம் சொல்லும். அதற்குக் காசு கொடுத்தவர் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. "எலக்ட்ரான் நுண்ணோக்கி – நால், ருஸ்கா – 1931" என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த 1931-க்கும், ஒரு வைரஸின் உருவம் முதன்முதலாகப் படத்தில் பதிந்து வெளியான 1938-க்கும் இடையே ஏழு வருடங்கள் இருக்கின்றன. அந்த ஏழு வருடக் கதை பாதி இயற்பியல், மீதிப் பாதி பணம்!

அந்தக் கருவி ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? சாதாரண நுண்ணோக்கி ஒளியை வைத்து வேலை செய்கிறது. ஒளியின் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான பொருட்களை அதில் தெளிவாகப் பார்க்க முடியாது. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது. பாக்டீரியா தெரியும், வைரஸ் தெரியாது. போலியோ, வெறிநாய்க்கடி போன்ற நோய்களை உண்டாக்குவது பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகிற ஏதோ ஒன்று என்பது வரை மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது உருண்டையா, நீளமா என்பது யாருக்கும் தெரியாது. எலக்ட்ரானின் அலைநீளமோ ஒளியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது.

1931-இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் நால் தலைமையிலான குழுவில் இருந்த எர்ன்ஸ்ட் ருஸ்கா, காந்தச் சுருள்களையே லென்ஸாக வைத்து எலக்ட்ரான் கற்றையால் ஒரு பிம்பத்தை உருவாக்கிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 24. கருவி பெரிதாக்கிக் காட்டியது சுமார் 17 மடங்குதான். நல்ல கைலென்ஸே அதைச் செய்துவிடும்! அவர் அதோடு விடவில்லை. ஜெர்மன் அறிவியல் நிதி அமைப்பு ஒன்று சில மாதங்களுக்கு மாதம் 100 மார்க் கொடுத்தது. அந்தச் சிறு தொகையின் துணையோடு 1933 இறுதியில் புதிய கருவி தயாரானது. அது 12,000 மடங்கு வரை பெரிதாக்கியது. ஒளி நுண்ணோக்கி தோற்றுவிட்டது.

இதற்குப் பிறகு நிறுவனங்கள் வரிசையில் வந்து நின்றிருக்க வேண்டும் அல்லவா? ஒருவரும் வரவில்லை!

காரணம் இருந்தது. எலக்ட்ரான் கற்றை பட்டால் பொருள் சூடாகும். அந்தக் கருவியில் வைத்த பருத்தி இழை கருகித்தான் போனது. "செல்லை உள்ளே வைத்தால் சாம்பலைத்தானே பார்ப்பீர்கள்?" என்பது அன்றைய வல்லுநர்களின் கேள்வி. போதாததற்குக் கருவியின் உள்ளே வெற்றிடம் வேண்டும். தண்ணீர் நிறைந்த உயிர்ப்பொருள் அங்கே உலர்ந்துவிடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்ல இன்னும் நல்ல கருவி வேண்டும். கருவி செய்யப் பணம் வேண்டும். பணம் கொடுப்பவரோ முதலில் பதிலைக் கேட்கிறார். கோழி முதலா, முட்டை முதலா என்ற கதைதான்!

ருஸ்கா பிழைப்புக்காகத் தொலைக்காட்சிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நண்பர் போடோ ஃபான் போரீஸும் வேறு வேலைக்குப் போனார். வேலை நேரம் போக, இருவரும் சுமார் மூன்று வருடம் பணம் தேடி அலைந்தார்கள். இதற்கிடையே பிரஸ்ஸல்ஸில் லாடிஸ்லாஸ் மார்ட்டன் 1934-இல் ஒரு தாவர இலையின் மெல்லிய சீவலைக் கன உலோகமான ஆஸ்மியம் கொண்டு பதப்படுத்திப் படமெடுத்திருந்தார். உயிர்ப்பொருளையும் எலக்ட்ரானால் பார்க்கலாம் என்பதற்கு அது முதல் அறிகுறி. இருந்தாலும் பணம் வரவில்லை.

பூட்டைத் திறந்தது ஒரு மருத்துவரின் கடிதம். எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் ருஸ்கா மருத்துவம் படித்தவர். இந்தக் கருவி மருத்துவத்தை மாற்றிவிடும் என்று ஆரம்பத்திலிருந்தே நம்பியவர். அவருடைய ஆசிரியர் ரிச்சர்ட் சீபெக், பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் மருத்துவப் பிரிவுத் தலைவர். 1936 அக்டோபரில் சீபெக் ஒரு பரிந்துரை எழுதிக் கொடுத்தார். இந்தக் கருவி சொன்னபடி வேலை செய்தால், நோய்களின் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கும், அதன் வழியே நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பவருக்கும் நேரடிப் பலன் உண்டு என்பது அதன் சாரம்.

இயற்பியலாளர்கள் மூன்று வருடம் சொல்லி அசையாதவர்கள் அதன் பிறகு அசைந்தார்கள். சீமென்ஸ், கார்ல் ஸைஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் முன்வந்தன. கடைசியில் ஒப்பந்தம் சீமென்ஸோடு ஆனது. 1937-இல் பெர்லினின் ஸ்பாண்டாவ் பகுதியில் ஆய்வகம் தொடங்கியது. 1938-இல் மாதிரிக் கருவிகள் தயார். அதே வருடம் எலிகளுக்கு வரும் ஒருவகை அம்மை வைரஸின் படம் வெளியானது. 1939-இல் புகையிலைத் தேமல் வைரஸ் மெல்லிய குச்சிபோலத் தெரிந்தது. 1940-இல் பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்களும் படத்தில் சிக்கின.

விற்பனைக்குக் கருவி வந்துவிட்டது. ஆனால் ஒரு மருத்துவக் கல்லூரியோ விலங்கியல் துறையோ தனியாக வாங்கக்கூடிய விலையா அது? வாங்கினாலும் இயக்கத் தெரிந்தவர் எங்கே? ருஸ்காவும் போரீஸும் நிறுவனத்திடம் ஒரு யோசனை சொன்னார்கள். கருவியை விற்பதோடு நிறுத்தாமல், வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்த ஒரு விருந்தினர் ஆய்வகம் வையுங்கள் என்றார்கள். 1940-இல் நான்கு நுண்ணோக்கிகளோடு அது தொடங்கியது. தலைவர் ஹெல்முட் ருஸ்கா. 1944-இல் குண்டுவீச்சில் அழியும்வரை அங்கிருந்து சுமார் 200 ஆய்வுக் கட்டுரைகள் வந்தன.

நான்கு கருவிகள், 200 கட்டுரைகள்! நான்கும் நான்கு பேராசிரியர்களின் பூட்டிய அறைகளில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஹிட்லரின் ஜெர்மனி. யூதப் பேராசிரியர்கள் 1933 முதலே பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டிருந்தார்கள். "விருந்தினர்" என்று எழுதிய அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல. பொதுக்கருவி என்ற பெயர் மட்டும் போதாது. உள்ளே யாரை விடுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினைக்கு வேறு விதமாக விடை கண்டார்கள். ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனம் 1940-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி விற்கத் தொடங்கியது. அதோடு தேசிய ஆராய்ச்சி கவுன்சில் மூலம் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகையும் வைத்தது. அதைப் பெற்ற தாமஸ் ஆண்டர்சனின் வேலை, உயிரியலாளர்கள் கொண்டு வரும் மாதிரிகளை அவர்களோடு சேர்ந்து பார்ப்பது. அப்படி வந்தவர்களில் ஒருவர், பாசிச இத்தாலியை விட்டு வெளியேறிய சால்வடோர் லூரியா. 1942-இல் லூரியாவும் ஆண்டர்சனும் வெளியிட்ட படங்களில் பாக்டீரியா வைரஸுக்குத் தலையும் வாலும் இருப்பது தெரிந்தது. 1969-இல் லூரியா நோபெல் பரிசு பெற்றார்.

இன்னொரு உதாரணம் இதைவிட வேடிக்கையானது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் கிளாட் செல்லின் உட்பகுதிகளை ஆராய்ந்து வந்தார். அங்கே அப்போது எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. அது இருந்தது எங்கே தெரியுமா? அச்சு மை செய்யும் இன்டர்கெமிக்கல் என்ற கம்பெனியில்! கம்பெனி கதவைத் திறந்துவிட்டது. அதை இயக்கிய எர்னஸ்ட் ஃபுல்லமும், கிளாட்டும், கீத் போர்ட்டரும் சேர்ந்து 1945-இல் ஒரு முழுச் செல்லின் முதல் எலக்ட்ரான் படத்தை வெளியிட்டார்கள். கோழிக்கருவின் செல் அது. இன்று பத்தாம் வகுப்பு மாணவர்கூட வரையும் செல் படத்தின் பல பாகங்கள் அதற்குப் பின் வந்த ஆய்வுகளில்தான் தெளிவாகின. கிளாட்டுக்கு 1974-இல் நோபெல் கிடைத்தது.

எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு 1986-இல்தான் நோபெல். முதல் கருவிக்குப் பின் 55 வருடம்! நால், போரீஸ், தம்பி ஹெல்முட் மூவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறது. மாதிரியை உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியின் விலை பல மில்லியன் டாலர். அதனால் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2018-இல் மூன்று தேசியப் பொதுமையங்களுக்கு நிதி அறிவித்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு பெங்களூரில் 2017-இல் ஒரு தேசிய மையம் தொடங்கியது.

ஆனால் பணம் கேட்கும் விண்ணப்பங்களில் கருவியின் விலை முதல் வரியில் வருகிறது. அதை இயக்குபவரின் சம்பளமும், வெளியூர் மாணவர் வந்து பயன்படுத்தும் செலவும் கடைசி வரிக்குப் போய்விடுகின்றன. சில சமயம் வருவதே இல்லை. ஹெல்முட் ருஸ்காவும், ஆண்டர்சனும், ஃபுல்லமும் அந்தக் கடைசி வரி மனிதர்கள்தான். அவர்கள் இல்லாமல் கருவி மட்டும் இருந்திருந்தால், வைரஸின் உருவத்தைப் பார்க்க உலகம் இன்னும் எத்தனை வருடம் காத்திருந்திருக்குமோ!