கம்பெனி போனது, வண்டி போகவில்லை! - ஜாவா கூட்டுப் பயணங்களின் கதை

ஜாவா என்றவுடன் கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்கு ஒரு மொழி ஞாபகம் வரும். புவியியல் படிக்கிறவனுக்கு இந்தோனேசியாவில் ஒரு தீவு. ஆனால் மைசூர், பெங்களூர் பக்கம் போய் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "டுக் டுக் டுக்" என்று வாயாலேயே ஒரு சத்தம் போட்டுக் காட்டுவார். அது ஒரு மோட்டார் சைக்கிள். அதைத் தயாரித்த மைசூர் ஆலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜூலை மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிகள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வருகின்றன. கம்பெனியே இல்லாத வண்டிக்கு எதற்குத் திருவிழா? அதுதான் இந்தக் கட்டுரை.

பிராகாவிலிருந்து மைசூருக்கு

1929-ல் செக்கோஸ்லோவாகியாவில் ஆயுதங்கள் செய்துகொண்டிருந்த ஃபிரான்டிசெக் யானெசெக் என்பவர், போர் முடிந்து ஆயுத வியாபாரம் படுத்துவிட்டதால் வேறு தொழில் தேடினார். ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் ஒட்டினார். செக் மொழியில் அது 'யாவா'. நம்மூருக்கு வந்தபோது ஜாவா ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்திருந்தபோதே, அவர்களுக்குத் தெரியாமல் அங்கிருந்த பொறியாளர்கள் ஒரு புது 250 சி.சி. வண்டியை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் 1946-ல் பாரீஸ் கண்காட்சியில் அது வெளியே வந்தது. அதுதான் 'பெராக்'.

1950-களில் இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டு வண்டி வேண்டுமானால் இங்கேயே செய், இல்லாவிட்டால் விட்டுவிடு என்ற நிலைமை. அப்போது ஃபரோக் ஈரானி என்பவர், மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவோடு மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையை ஆரம்பித்தார். 1961-ல் மைசூர் ஜாவாக்கள் வெளியே வரத் தொடங்கின. 1970-களில் பெயர் யெஸ்டி என்று மாறியது. ஈரானில் யஸ்த் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரன் என்ற பொருளில் வைத்த பெயர் அது. 1978-ல் வந்த யெஸ்டி ரோட்கிங், ஆலை மூடும் வரை ஓடிய மாடல்.

இந்த வண்டியில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். 250 சி.சி., ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர்! கிக்கர் தனியாகக் கிடையாது. கியர் லிவரை உள்ளே தள்ளிப் பின்னால் திருப்பினால் அதுவே கிக்கர். பழக்கமில்லாதவன் யாராவது வண்டியைத் திருட வந்தால் கிக்கரைத் தேடியே விடிந்துவிடும் :-) பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய 2-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பாகங்கள் குறைவு. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டலாம். "என்றென்றைக்கும் வண்டி, என்றென்றைக்கும் மதிப்பு" என்ற பொருளில்தான் கம்பெனியே விளம்பரம் செய்தது. பாவம், கம்பெனியால்தான் என்றென்றைக்கும் இருக்க முடியவில்லை.

1980-களில் ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வந்தார்கள். 1984-ல் இண்ட்-சுசூகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே வருடம் யமஹா ஆர்.எக்ஸ்.100. இந்த 100 சி.சி. வண்டிகள் எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. ஹீரோ ஹோண்டா 4-ஸ்ட்ரோக் வேறு. மாதச் சம்பளக்காரன் எதை வாங்குவான்? 1991-லும் 1996-லும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்து சேர்ந்தன. 1996-ல் மைசூர் ஆலையின் கதவு மூடியது.

காமர்ஸ் கணக்கில் ஒரு ஓட்டை

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், எந்த இயந்திரத்துக்கும் வருடா வருடம் தேய்மானம் போட வேண்டும். கடைசியில் எஞ்சுவது இறுதி மதிப்பு, அதாவது காயலான் கடை விலை. அதேபோல நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. நிறுவனத்தைக் கலைத்தால் அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

ஜாவா விஷயத்தில் இந்த இரண்டு கணக்குமே தப்பாகிப் போனது. கம்பெனி இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை, உதிரிபாகம் கிடையாது. அப்படியானால் வண்டியின் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள்தான்.

பழைய வண்டிகளை ஒன்றாக ஓட்டுவது என்பது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் சன்பீம் மோட்டார் சைக்கிள் கிளப் 1930-லேயே 'பயனியர் ரன்' என்ற பயணத்தை ஆரம்பித்துவிட்டது. 1915-க்கு முன்னால் செய்த வண்டிகள் மட்டும்தான் அதில் கலந்துகொள்ளலாம். லண்டன் பக்கத்திலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டன் வரை போக வேண்டும். 1946-ல் டிட்ச் ஆலன் என்பவர் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ஒரு கிளப் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் வண்டி பொருளாகிவிடும், ரோட்டில் ஓடினால்தான் அது வண்டி என்பதுதான் இவர்கள் எல்லோருடைய கட்சி.

இந்தியாவில் 2003 ஜூலையில் பெங்களூரில் ஜாவா வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். அதுதான் ஜூலை இரண்டாவது ஞாயிறு சர்வதேச ஜாவா தினம் என்ற வழக்கத்துக்கு ஆரம்பம். பின்னால் மற்ற நகரங்களுக்கும் பரவியது.

ஒரு பயணம் எப்படி நடக்கிறது?

இது ரேஸ் இல்லை. யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதற்கு இங்கே பரிசு கிடையாது. சொல்லப்போனால் யாரும் யாரையும் முந்தவே கூடாது. விடியற்காலையில் ஒரு பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடையிலோ கூடுகிறார்கள். வழி தெரிந்த ஒருவர் முன்னால். வேகம் குறைந்த, வயதான வண்டிகள் அவருக்கு அடுத்து. அப்போதுதான் மற்றவர்கள் அவற்றின் வேகத்துக்கு ஓட்டுவார்கள். ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் போகாமல் இடம், வலம் என்று மாறி மாறிப் போனால், முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தாலும் பின்னால் வருகிறவருக்கு இடம் இருக்கும். டிரம் பிரேக் வண்டிகளுக்கு இது ரொம்ப முக்கியம். கடைசி வண்டியில் ரிப்பேர் தெரிந்தவர் வருவார். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. பழைய ஜாவாவின் 6 வோல்ட் விளக்கு மெழுகுவர்த்திக்கு அண்ணன் மாதிரி, ஆகவே இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.

பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் போனால் பிடதியில் தட்டு இட்லி, மத்தூரில் மத்தூர் வடை. சாப்பிட நிறுத்தும் இடத்தில்தான் உண்மையான கிளப்பே நடக்கிறது. ஒருவருக்கு பிளக்கில் கரி பிடித்திருக்கும். இன்னொருவருக்கு கிளச் கேபிள் அறுந்திருக்கும். வங்கி அதிகாரி, காலேஜ் பையன், ஓய்வுபெற்ற வாத்தியார், மெக்கானிக் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒரே கார்புரேட்டரை எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மெக்கானிக் சொல்வதுதான் வேதவாக்கு. வெளியே இருக்கிற மரியாதை வரிசை அங்கே அப்படியே தலைகீழாகிவிடும்.

கவனித்துப் பார்த்தால், கம்பெனி செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் இந்தக் கூட்டம் பங்குபோட்டுக்கொண்டது தெரியும். எந்த ஊரில் எந்தக் கிழ மெக்கானிக்குக்கு இன்னும் கை நடுங்காமல் இருக்கிறது, எந்தப் பழைய கடையில் பிரிக்காத பெட்டியில் பிஸ்டன் இருக்கிறது, செக் நாட்டிலிருந்து வரும் எந்தப் பாகம் மைசூர் வண்டிக்குப் பொருந்தும் - இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போகிற அறிவு. பயணம் நின்றால் அந்த அறிவும் நின்றுவிடும்.

அறுவடை யாருக்கு?

2018 நவம்பரில் மகிந்திரா குழுமத்தின் முதலீட்டோடு கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி ஜாவா பெயரை மறுபடி கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் யெஸ்டியும் திரும்பியது. புது வண்டிகள் 4-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின். ஆனால் முதலில் வந்த 293 சி.சி. ஜாவாவிலும் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் வைத்தார்கள். எதற்கு? பழைய ஞாபகத்துக்குத்தான்.

இங்கேதான் கேள்வி. 1996 முதல் 2018 வரை 22 வருடம் அந்த நற்பெயரைச் சுமந்தது யார்? எந்த ஐந்தொகையிலும் அது சொத்தாக எழுதப்படவில்லை. யாரோ ஒருவர் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு சம்பளத்தில் சைலன்சர் வாங்கினார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டார். புதுக் கம்பெனிக்குக் கிடைத்த விளம்பரத்தில் பாதி அவர்கள் உழைப்பு. பங்குப் பத்திரம் மட்டும் அவர்களிடம் இல்லை.

ரோடும் சட்டமும்

இன்று இந்தப் பயணங்களுக்கு வேறு மாதிரிச் சோதனைகள். 2023-ல் பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலை திறந்தது, 118 கிலோமீட்டர். அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை. காரணம் விபத்து பயம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மைசூரில் பிறந்த வண்டி மைசூருக்குப் போக வேண்டுமானால் இனி சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்! ஒரு லாபமும் இருக்கிறது. விரைவுச்சாலை பிடதி, மத்தூர் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. ஊருக்குள் போகிற பழைய ரோட்டில்தான் வடை இருக்கிறது.

இன்னொன்று 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி. அதாவது சட்டத்தின் கண்ணிலேயே இந்த வண்டிக்கு உயிர் இருப்பது கூட்டுப் பயணத்தில்தான். 1978-ல் பதிவான ரோட்கிங் 2028-ல்தான் அந்த வயதை எட்டும்.

2-ஸ்ட்ரோக் புகை கெடுதல் இல்லையா? கெடுதல்தான். எரியாத பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து வெளியே வருகிறது, அதை மறைக்கத் தேவையில்லை. நகரத்தில் தினமும் லட்சம் 2-ஸ்ட்ரோக் ஓடினால் மூச்சு முட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஓடுகிற முப்பது வண்டிகளை அதோடு சேர்த்து எடை போடுவதுதான் சரியில்லை. அதே சமயம், புகையைக் குறைக்க நல்ல ஆயிலும் சரியான டியூனிங்கும் வைப்பது கிளப்காரர்களின் கடமை. சட்டம் கேட்பதற்கு முன் அவர்களே அதைச் செய்தால், அடுத்த விதி வரும்போது பேச வாய் இருக்கும்.

இந்த வண்டிகளுக்குக் கடைசி எதிரி சட்டமோ ரோடோ இல்லை, வயதுதான். வண்டிக்கு வயதானால் பிஸ்டன் மாற்றலாம். மெக்கானிக்குக்கு வயதானால்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் ஒரு இருபது வயதுப் பையன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிய யெஸ்டி ஏதாவது இருந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.