கிஸ்ஸாவிலிருந்து 'டியூன்' வரை: வன்னி முஸ்லிம்களின் விந்தைக்கதை வாசிப்பு

வன்னி இலக்கியம் என்றதும் எமது விமர்சகர்கள் முதலில் எடுத்துக்காட்டும் நூல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த அந்த நாவல் தண்ணிமுறிப்புப் பகுதியின் காட்டையும் மனிதரையும் உள்ளபடி காட்டியது. அதன் சிறப்பில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்டது எது என்ற கேள்விக்குத்தான் அது விடையாகிறது. அங்கு வாழ்ந்தவர்கள் விரும்பி வாசித்தது எது என்ற கேள்வியை நாம் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னோர் அலுமாரி திறந்திருக்கும். ஜின்களும் வேதாளமும், இரும்புக்கை மாயாவியும், விண்வெளி மனிதரும் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்போம். அந்த அலுமாரியைப் பற்றி, வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட முஸ்லிம்களின் பக்கம் நின்று எழுத முற்படுகிறேன்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. நபிமார்களின் முஃஜிஸாத்துகளும் குர்ஆன் கூறும் மறைவான விடயங்களும் எமது ஈமானின் பகுதி. அவற்றை நான் கற்பனை இலக்கியத்தில் சேர்க்கவில்லை. அவற்றின் நிழலில் மக்கள் புனைந்து, பாடி, கேட்டு மகிழ்ந்த கதைகளையே விந்தைக்கதை என்கிறேன்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் இந்தக் கதைகளுக்கு நீண்ட மரபு உண்டு. கிடைத்திருக்கும் முழுமையான இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டுக்குரியது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் கேள்வியும் பதிலுமாக அமைந்தது. படைப்பு, வானங்கள், மறுமை என மனிதனின் கண்ணுக்கு எட்டாதவற்றை அறியும் வேட்கையே அதன் உயிர். கலாநிதி ம.மு. உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை வகைப்படுத்தி எழுதியபோது கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்பவற்றை முஸ்லிம்கள் தமிழுக்குக் கொண்டுவந்த புதிய வடிவங்களாக எடுத்துக் காட்டினார். இவற்றுள் கிஸ்ஸாவும் படைப்போரும் கதையை நம்பி வாழ்ந்தவை. ஒருவர் இராகத்தோடு படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பதே அவற்றின் வாசிப்பு முறை. எழுத்தறியாத ஒரு மூத்தம்மாவும் இந்த வகையில் வாசகிதான்.

அக்கதைகளுள் ஒன்றை இங்கு விரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் தமீமன்சாரி கதை என்று வழங்குவது அது. தமீமுத் தாரீ (ரழி) அவர்கள் கடலில் அலைக்கழிந்து ஒரு தீவை அடைந்ததும், அங்கே விலங்கிடப்பட்டிருந்த தஜ்ஜாலைக் கண்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ். மக்கள் புனைந்த கதை வேறு. அதில் தமீம் ஓரிரவு வீட்டு முற்றத்திலிருந்து ஜின்னால் தூக்கிச் செல்லப்படுகிறார். ஆண்டுக்கணக்காக விந்தையான தேசங்களில் அலைகிறார். ஊரில் மனைவி காத்திருந்து சலிக்கிறாள். அவளுக்கு மறுமணம் ஏற்பாடாகிறது. அந்த வேளையில் உருமாறி வந்து நிற்கும் தமீமை எவரும் அடையாளம் காணவில்லை. தான் தமீம்தான் என்பதை அவர் கலீபா உமர் (ரழி) அவர்களின் முன்னிலையில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மலாய் மொழியில் இது ஹிகாயத்தாக வழங்குகிறது. ஸ்பெயினில் வாழ்ந்த மொரிஸ்கோ முஸ்லிம்கள் தம் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி இக்கதையைக் காப்பாற்றினார்கள். நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றோம் அல்லவா, அவ்வாறே.

இத்தகைய செல்வம் ஏன் எமது இலக்கியப் பேச்சிலிருந்து மறைந்தது? இரு பக்கத்திலிருந்தும் அது தள்ளப்பட்டது என்பதே என் எண்ணம். மார்க்கச் சீர்திருத்தம் பேசியோர், ஆதாரமற்ற கட்டுக்கதை என்று கிஸ்ஸாக்களை ஒதுக்கினர். நவீன இலக்கியம் பேசியோர், யதார்த்தமற்றது என்று ஒதுக்கினர். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்த பின்னர், அற்புதம் நிறைந்த கதையைத் தாண்டி யதார்த்த நாவலுக்கு வருவதே வளர்ச்சி என்ற பார்வை ஈழத்தில் வேரூன்றியது. அந்தப் பார்வை பல நல்ல நாவல்களைத் தந்தது. ஆனால் வாசகரின் பாதி ஆசையைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் ஏற்கும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வந்தது. அதை ஆராய்ந்தோர் அதன் முதன்மையைப் பேசிய அளவுக்கு அதன் கதையின் மூலத்தைப் பேசவில்லை. எகிப்தில் பிறந்த குழந்தை கவர்ந்து செல்லப்பட்டு இந்தியாவில் வளர்கிறது. பின்னர் தன் பிறப்பைத் தேடித் திரும்புகிறது. அங்கே ஜின் இல்லை. மற்றபடி, தூக்கிச் செல்லப்பட்டவன் தான் யார் என்று காட்டித் தன் வீட்டை மீளப் பெறும் பழைய கதைதான் அது. கிஸ்ஸா கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருந்திராது.

இன்னொன்றையும் நாம் மறந்தோம். வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கேயா சக்காவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கும், ஆகாய வண்டியில் பறக்கும் பெண்களின் நாடு அது. ஆண்கள் அங்கே வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். தென்னாசியாவின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாகிய இது 1905இல் வெளிவந்தது சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஒரு மாதர் சஞ்சிகையில். தமிழ் வழங்கும் நகரில் அச்சேறிய ஒரு முஸ்லிம் பெண்ணின் விந்தைக்கதை, தமிழ் முஸ்லிம்களின் பொது வாசிப்பில் இடம்பெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுப் புத்தகம் கிஸ்ஸாவின் இடத்தை மெல்லப் பிடித்தது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அரபுக் கதைகள் என்பவற்றோடு 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வும் சேர்ந்தது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை வேதாளத்தையும் தமிழ் வீட்டுப் பிள்ளை அலாவுதீனையும் அறிந்துகொண்டது இவ்வாறுதான். 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977க்குப் பின் அது தளர்ந்தபோது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் போன்ற சித்திரக்கதைகள் பாடசாலைப் பைகளுக்குள் புகுந்தன. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதனை எம் தலைமுறை மறந்திருக்காது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடன் தொடராக வந்தபோது, அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி இந்த வாசகர்களுக்குப் புதிய ஜின்னாகவே தோன்றியிருக்கும்.

1990 ஒக்டோபரில் இந்த வாசிப்பின் தொடர் அறுந்தது. விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறக்குறைய 75,000 பேர் சில நாட்களில் ஊர்களை விட்டனர். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று, கிளிநொச்சியின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம் என ஊர் ஊராக வெறுமையாயின. நகையும் பணமும் பறிபோனதை ஆவணப்படுத்தியிருக்கிறோம். காணியும் வீடும் இழந்ததைக் கணக்கிட்டிருக்கிறோம். வீட்டுப் பெட்டகத்தில் துணி சுற்றி வைத்திருந்த கிஸ்ஸாப் பிரதிகளும் அரபுத்தமிழ் ஏடுகளும் எந்தக் கணக்கில் வந்தன? உடுத்த உடையோடு புறப்பட்டவர்கள் புத்தகத்தைச் சுமக்க முடியாது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததற்கு நாம் எல்லோரும் அழுதோம்; அழத்தான் வேண்டும். பட்டியல் இல்லாத வீட்டு நூலகங்களுக்காக எவரும் அழவில்லை.

அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது புத்தளம். 1344இல் இப்னு பதூதா இலங்கையில் வந்திறங்கிய பட்டாளா என்பது அந்தப் புத்தளம்தான் என்பர். அரபிகள் இத்தீவை ஸரந்தீப் என்றார்கள். சிந்துபாத்தும் தன் பயணமொன்றில் இங்கு வருகிறான். விந்தைக்கதைகளுக்கு விந்தைத் தேசமாக இருந்த கரையில், ஓலைக் கொட்டிலில், எமது பிள்ளைகள் நிவாரண அட்டையோடு வளர்ந்தார்கள்.

வன்னியில் எஞ்சியிருந்த தமிழ் மக்களின் நிலையையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஜாம்போத்தல் விளக்கில் படித்தார்கள். மின்சாரம் இருந்தால்தான் மறைய முடிகிற மாயாவியை மின்சாரமே இல்லாத ஊரில் வாசித்த பிள்ளைகள் அவர்கள். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது புத்தகங்களும் வந்தன. 2006இல் வீதி மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவின் முகாம்களில் இருந்தார்கள். அவர்களின் அலுமாரிகளும் இல்லாமற் போயின. இரு சமூகங்களின் நினைவும் ஒரே மண்ணில் வெவ்வேறு ஆண்டுகளில் அழிக்கப்பட்டது.

போர் முடியுமுன்னரே, 2008 பெப்ரவரி 27இல் சுஜாதா காலமானார். மூன்று வாரம் கழித்து மார்ச் 19இல் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் மறைந்தார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், தன் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலுக்காக இத்தீவையே சில நூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய கோட்டில் வைத்தார். விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியை நிறுத்த அவருக்கு அந்த இடம் தேவைப்பட்டது. ஒரு தீவை நகர்த்துவது கதையில் எளிது. ஓர் ஊரை நகர்த்தினால் என்ன நடக்கும் என்பதை அக்காலத்தில் வேறு பலர் அறிந்திருந்தார்கள்.

இன்று வன்னியில் விந்தைக்கதை விரும்பும் இளையோர் எதை வாசிக்கிறார்கள்? நான் விசாரித்த சிலர் கைத்தொலைபேசியில் ஜெயமோகனின் 'வெண்முரசு' வாசிக்கிறார்கள். சிலர் சுஜாதாவை மீள வாசிக்கிறார்கள். ஆங்கிலம் கைவந்தவர்கள், திரைப்படம் பார்த்துவிட்டு ஃபிராங் ஹேர்பேர்ட்டின் 'டியூன்' நாவலைத் தேடிப் படிக்கிறார்கள். 1965இல் வந்த அந்நாவலில் மஹ்தி, ஜிஹாத், லிஸானுல் கைப் போன்ற சொற்களைக் கண்டு வியக்கிறார்கள். இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் நாவல் 2023ஆம் ஆண்டுக்கான நெபியூலா விருதைப் பெற்றது அவர்களில் ஓரிருவருக்குத் தெரிந்திருக்கிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலில், கொல்லப்பட்ட புகைப்படக்காரன் ஒருவன் மறு உலகின் அலுவலக வரிசையில் நின்று தன் மரணத்தின் காரணத்தைத் தேடுகிறான். அக்கதை நடக்கும் ஆண்டு 1990. எமது வெளியேற்றமும் அதே ஆண்டு.

இந்த வாசிப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் 'டியூன்' நாவலில் அரபுச் சொல்லைக் கண்டு சிலிர்க்கும் பிள்ளைக்குத் தன் மூத்தம்மாவின் வீட்டில் பாடப்பட்ட கிஸ்ஸாவின் பெயர்கூடத் தெரியாது என்பதே என் கவலை. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மீள்குடியேறச் சென்ற எம்மவரிடம் காணி உறுதி எங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே என்று கேட்கப்பட்டது. இருபது ஆண்டு கழித்து வந்தவரின் காணியில் காடு வளர்ந்திருந்தது, அல்லது வேறொருவர் குடியிருந்தார். குடியிருந்தவரும் இடம்பெயர்ந்தவராகவே இருக்கக்கூடும். தான் தமீம்தான் என்று நிரூபிக்க நின்றவரின் கதையைவிட இந்த நிலைமைக்கு நெருக்கமான கதை எது? அதில் மனைவியும் குற்றவாளி அல்லள், காத்திருந்து சலித்தவள். திரும்பி வந்தவரும் குற்றவாளி அல்லர். இரு பக்கத்தையும் விசாரித்து நீதி வழங்க ஒரு கலீபா தேவைப்பட்டார். வெளியேற்றம் பற்றிய எமது எழுத்தில் யதார்த்தமான சாட்சியம் நிறைய உண்டு, அது அவசியம். காத்திருந்தவளுக்கும் திரும்பியவனுக்கும் ஒரே கதையில் இடம் கொடுத்த அந்தப் பழைய வடிவத்தை எமது புனைகதையாளர்கள் இன்னும் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஸ்பெயின் 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்களை வெளியேற்றியது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் போனார்கள். 1884இல் அல்மொனாசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது இரட்டைத் தளத்தின் இடைவெளியில் அவர்களின் கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன. ஒளித்து வைத்தவர்கள் திரும்பி வரவில்லை. எம்மவரில் ஒரு பகுதியினராவது திரும்பியிருக்கிறார்கள். கிஸ்ஸா கேட்ட செவிகள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. பட்டாணிச்சூரிலும் நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும், புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களிடத்திலும் எஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேட வேண்டும். பாடத் தெரிந்தோரின் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திடம் அவற்றைச் சேர்க்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியரும், கைத்தொலைபேசியில் 'டியூன்' வாசிக்கும் ஓர் இளைஞரும் முன்வந்தால் போதும். பாடத் தெரிந்தவர்களின் வயதை எண்ணினால், இவ்வேலையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியாது.