ஒரே வயலில் உழைத்தால் மட்டும் சாதி போய்விடுமா?

மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசிதான். இங்குள்ள ஆலைகளில் அரைத்த பொன்னி வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. அந்த நெல்லுக்கு நாற்று நட்டதும் களை பறித்ததும் பெரும்பாலும் நம் சேரிப் பெண்கள். அரிசிக்குத் தீட்டு கிடையாது, நட்டவருக்கு மட்டும் உண்டு. ஊரும் சேரியும் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலில்தான் நின்றன. ஆனாலும் "அவங்க சுத்தமில்லாதவங்க, பொறுப்பில்லாதவங்க" என்ற பேச்சு போகவில்லை. ஏனென்றால் ஒருவர் வரப்பில் நின்றார், இன்னொருவர் சேற்றில் நின்றார்.

அதனால்தான் "அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்டம் போட்டால் சாதி மறந்துவிடும்" என்பவர்களிடம் நாம் முதலில் கேட்கிறோம்: நிலம் யார் பெயரில்?

இது பழைய கேள்வி. நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூட உறுதியில்லை என்பதைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் அதில் பெரும்பங்கு பிறர் கைக்குப் போனது. அதை மீட்கக் கேட்டு 1994இல் காரணையில் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

பட்டா சமமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களை ஒட்டி, 1997இல் கலைஞர் அரசு பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. பூங்காவும் விளையாட்டுத் திடலும் சமுதாயக் கூடமும் எல்லோருக்கும் பொது.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1996இல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் தலித் பொறியாளர் இளங்கோ. அவருடைய முயற்சியில் 50 இரட்டை வீடுகள் எழுந்தன. நடுவில் ஒரே சுவர்; இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தினமும் பார்ப்பவரிடம் கட்டுக்கதை எடுபடாது. உத்தப்புரத்தில் 1989இல் நம்மைத் தடுக்கச் சுவர் எழுப்பினார்கள். அதில் வழிவிடவே 2008 வரை போராட வேண்டியிருந்தது. குத்தம்பாக்கத்திலும் சுவர்தான், ஆனால் இரு வீட்டுக்கும் சொந்தமான சுவர்.

சமத்துவபுரம் குறையில்லாத திட்டமல்ல. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் புதியவை கட்டப்படாமல் நின்றன; பல இடங்களில் பராமரிப்பும் இல்லை. ஆனாலும் யாரும் யாருக்கும் கூலியாள் இல்லை என்ற நிலையில்தான் பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாராகப் பழக முடியும் என்பதை அது காட்டியது.

நம் பகுதியில் பொதுத் தோட்டம் போட யார் முன்வந்தாலும் வரவேற்போம். ஆனால் பாத்தி சமமாக இருக்க வேண்டும். தண்ணீர் முறை எழுத்தில் இருக்க வேண்டும். கணக்கு நோட்டு நம் பெண்கள் கையிலும் இருக்க வேண்டும். மண்வெட்டி மட்டும் நம் கையில் என்றால் அதற்குப் பெயர் தோட்டமல்ல, பழைய பண்ணையம்.